காட்சி, ஐயம், துணிவு: குடிமல்லம் உணர்த்தும் ஆய்வுநெறி

முன்னுரை

ஆந்திர மாநிலம் திருப்பதி மாவட்டத்தில் ஏர்பேடு மண்டலம் அமைந்துள்ளது. 2022ஆம் ஆண்டு புதிய மாவட்டம் உருவாகும்வரை இது சித்தூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. பழந்தமிழகத்தின் வடவெல்லையாகக் கூறப்படும் வேங்கடத்தை ஒட்டிய நிலம் இது. ஏர்பேடு என்னும் ஊர்ப்பெயரின் இறுதியில் நிற்கும் ‘பேடு’ கோயம்பேடு முதலிய தொண்டை மண்டல ஊர்ப்பெயர்களிலும் காணப்படுவது. இம்மண்டலத்தில் சுவர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் குடிமல்லம். அங்குள்ள பரசுராமேசுவரர் கோயிலின் கருவறையில் நிற்கும் இலிங்கம் இந்தியக் கலை வரலாற்றில் மிகுதியாக விவாதிக்கப்பட்ட சிற்பங்களுள் ஒன்றாகும். நூறாண்டுகளுக்கு மேலாக அறிஞர் பலர் ஆராய்ந்த பின்னரும் அதன் காலம் குறித்து ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை.

முடிவு எட்டப்படாமையைப் புலமையின் தோல்வியாகக் கருதும் போக்கு நம்மிடையே உண்டு. ஒரு கருத்தை முன்வைத்தவர் பின்னர் அதனைத் திருத்திக்கொண்டால் அது அவர்தம் பெருமைக்கு இழுக்கு என்று எண்ணுவதும் உண்டு. இவ்விரு எண்ணங்களும் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதைக் குடிமல்லம் ஆய்வு வரலாற்றையும், அதனோடு ஒப்பிடத்தக்க தமிழகத் தொல்லியல், பதிப்பியல் நிகழ்வுகள் சிலவற்றையும் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கண மரபில் ஐயம்

ஐயத்தை இழிவாகக் கருதும் போக்கு தமிழ் மரபில் வேர்கொண்டதன்று. தொல்காப்பியக் கிளவியாக்கம் ஐயுற்ற பொருளை எவ்வாறு சொல்லவேண்டும் என்பதற்கே விதி வகுக்கிறது. தொலைவில் தோன்றும் உருவம் உயர்திணை என்பது தெரிந்தும் ஆணா பெண்ணா என்பது விளங்காதவிடத்துப் பன்மையால் கூறவேண்டும். திணையே விளங்காதவிடத்து ‘உரு’ என்னும் பொதுச்சொல்லால் கூறலாம். அறியாத ஒன்றை அறிந்ததுபோல் ஒருபாற்படுத்திச் சொல்லுதல் வழுவாகும் என்பது இவ்விதியின் உட்கிடை. ஐயம் நீங்கித் துணிவு பிறந்தபின் ‘இஃது அன்று’ என்னும் அன்மைக்கிளவி எவ்வாறு வரவேண்டும் என்பதையும் தொல்காப்பியர் தொடர்ந்து கூறுகிறார். துணிந்ததைச் சொல்வதோடு துணிவிற்கு முன் கொண்டிருந்த மாற்றுக் கருத்தை விலக்கிச் சொல்வதற்கும் மொழியில் இடம் வைத்திருப்பது எண்ணத்தக்கது.

களவொழுக்கத்தின் தொடக்கத்தைக் காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிதல் என வரிசைப்படுத்துவர் அகப்பொருள் இலக்கணத்தார். கண்டவுடன் துணிவு பிறப்பதில்லை. இடையே ஐயம் நிற்கிறது. தெய்வமகளோ மானிட மகளோ என ஐயுறும் தலைவன், பின் அடையாளங்களைக் கண்டே தெளிகிறான். உரையாசிரியர் மரபும் இத்தகையதே. ஒரு சூத்திரத்திற்கோ செய்யுளுக்கோ உரை கூறியபின் ‘என்றுமாம்’ எனப் பிறிதொரு பொருளையும் தந்து செல்லும் வழக்கம் உரைகளில் பயின்று வருவது. தம் உரையே முடிந்த முடிபு என்று கொள்ளாமல் மற்றொரு பொருளுக்கும் வாயில் திறந்துவைக்கும் புலமைப் பண்பு இதுவாகும். இக்காட்சி, ஐயம், துணிவு என்னும் முறைவைப்பைக் குடிமல்லம் ஆய்விற்கும் பொருத்திப் பார்க்கலாம்.

குடிமல்லம்: காட்சி

குடிமல்லம் இலிங்கத்தை அறிஞர் உலகிற்கு விரிவாக அறிமுகப்படுத்தியவர் திருவிதாங்கூர்த் தொல்லியல் துறையின் கண்காணிப்பாளராக விளங்கிய து. அ. கோபிநாதராவ் ஆவார். 1914, 1916ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவரது இந்துத் திருவுருவவியல் நூலின் இரண்டாம் தொகுதியில் இவ்விலிங்கத்தின் அமைப்பு நுணுக்கமாக விளக்கப்பெற்றுள்ளது. ஏறத்தாழ ஐந்தடி உயரமுள்ள, மெருகூட்டப்பட்ட கருஞ்செம்பழுப்புக் கல்லாலான இலிங்கம் அது. அதன் முன்புறத்தில் சிவன் நின்ற கோலத்தில் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளார். குனிந்த குறள் உருவம் ஒன்றன் தோள்மீது அவர் நிற்கிறார். வலக்கை ஒரு விலங்கின் பின்னங்கால்களைப் பற்றித் தொங்கவிட்டிருக்க, இடக்கையில் நீர்க்கலம் உள்ளது. இடத்தோளில் மழு சார்ந்துள்ளது. பூணூல் காணப்படவில்லை. அணிகலன்களையும் ஆடையமைப்பையும் பார்குத், சாஞ்சிச் சிற்பங்களோடு ஒப்பிட்ட கோபிநாதராவ், இதனைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டினது எனக் கணித்தார்.

இதே காலப்பகுதியில் கல்வெட்டறிஞர் வெ. வெங்கய்யா இக்கோயிலின் பாணர் கல்வெட்டுகள் ஐந்தனை எபிகிராபியா இந்திகா 11ஆம் தொகுதியில் பதிப்பித்தார். பல்லவர், பாணர், சோழர் காலங்களைச் சார்ந்த இக்கோயிற் கல்வெட்டுகளில் குடிமல்லம் என்னும் பெயர் வழங்கவில்லை. ஊர் திருவிப்பிரம்பேடு என்றே குறிக்கப்படுகிறது. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், விக்கிரமசோழன் காலத்தில், கோயில் கல்லால் புதுப்பித்துக் கட்டப்பட்டது.

ஆகவே ஒரே கருவறையில் இருவேறு சான்றுகள் எதிரெதிர் நிற்கின்றன. சிற்பத்தின் பாணி கிறித்துவிற்கு முற்பட்ட காலத்தைச் சுட்டுகிறது. எழுத்துச் சான்றோ பல்லவர் காலத்திற்கு முன் செல்லவில்லை. இடைப்பட்ட பல நூற்றாண்டுகள் பற்றிக் கல்வெட்டுகள் மௌனம் சாதிக்கின்றன.

குடிமல்லம்: ஐயம்

இம்மௌனமே கருத்து வேறுபாட்டிற்குக் களமாயிற்று. ஆனந்த குமாரசாமி இவ்விலிங்கத்தைக் கி.மு. 1ஆம் நூற்றாண்டினது எனக் கருதினார். பின்வந்தோருள் சிலர் கி.மு. 3ஆம் நூற்றாண்டிற்கு முன்னெடுத்துச் சென்றனர், சிலர் கி.பி. 2ஆம் நூற்றாண்டிற்கும், கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளுக்கும் பின்தள்ளினர். கி.பி. 7ஆம் நூற்றாண்டு என்ற கருத்தும் கூறப்பட்டுள்ளது. ஒரே கல்லுக்குக் கூறப்பட்ட காலங்களுக்கிடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இடைவெளி உள்ளது.

இதற்குரிய காரணம் அறிஞர்களின் கவனக்குறைவன்று. கல்லின் புவியியல் வயதை அளக்க இயலுமேயன்றிச் சிற்பி அதில் உளி வைத்த நாளை நேரடியாக அளக்க இயலாது. எனவே பாணி ஒப்பீட்டையே பெரிதும் சார வேண்டியுள்ளது. பாணி ஒப்பீட்டிற்கோ அதே வட்டாரத்தில், அதே காலத்தைச் சார்ந்த பிற சிற்பங்கள் தேவை. குடிமல்லம் சிற்பத்திற்கு அருகில் அத்தகைய துணை இல்லை. வடக்கே தொலைவிலுள்ள பார்குத்தோடு ஒப்பிடும்போது, அங்கு வழங்கிய பாணி தெற்கே வந்துசேர எத்துணைக் காலம் ஆகியிருக்கும், வந்தபின் எத்துணைக் காலம் நிலைத்திருக்கும் என்னும் வினாக்கள் எழுகின்றன. இவ்வினாக்களுக்கு ஒவ்வோர் அறிஞரும் அளித்த விடையே அவர் கூறும் காலமாக வெளிப்படுகிறது.

1973ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் ஆய்வுத்துறை சார்பில் இ. கா. சர்மா மேற்கொண்ட அகழாய்வு இச்சிக்கலைப் புதிய நிலைக்குக் கொண்டுசென்றது. கருவறையைத் தோண்டியபோது கருப்பு சிவப்பு மட்கல ஓடுகளும், 42 x 21 x 6 செ.மீ. அளவுள்ள பெருஞ் செங்கற்களும் கிடைத்தன. இலிங்கம் தொடக்கத்தில் கூரையின்றித் திறந்த வெளியில், கல்லாலான வேலியமைப்பின் நடுவே நின்றிருக்க வேண்டும் என்பதும் தெரியவந்தது. இலிங்கத்தைச் சுற்றி இன்றும் காணப்படும் வேலிக் கற்கள் இதற்குச் சான்றாகும். பிற்காலத்திலேயே செங்கற் கட்டடமும், அதன்பின் கற்றளியும் எழுந்தன.

இவ்வகழாய்வு அதுவரை ஒன்றாகக் குழம்பிக் கிடந்த வினாவை மூன்றாகப் பிரித்தது. இலிங்கத்தின் காலம் ஒன்று. அதனைச் சூழ்ந்த கட்டடத்தின் காலம் வேறொன்று. இன்று காணும் கற்றளியின் காலம் பிறிதொன்று. கோயிலின் காலத்தைக் கொண்டு இலிங்கத்தைப் பிற்படுத்துவதும், இலிங்கத்தின் காலத்தைக் கொண்டு கோயிலை முற்படுத்துவதும் ஆகிய இருவகைப் பிழைகளுக்கும் இனி இடமில்லை என்றாயிற்று.

குடிமல்லம்: துணிவின் எல்லை

இன்றைய நிலையில் துணிந்து கூறத்தக்கவை சில உள. இவ்விலிங்கம் சிவ வழிபாட்டின் மிகப் பழைய உருவச் சான்றுகளுள் ஒன்று. இன்றுள்ள கட்டடத்திற்குப் பெரிதும் முற்பட்டது. தொடக்கத்தில் திறந்தவெளி வழிபாட்டில் இருந்தது. இவற்றை மறுப்போர் அரியர். கிறித்துவிற்கு முற்பட்டது என்னும் கருத்துப் பெரும்பான்மையோர் ஆதரவைப் பெற்றுள்ளது. எனினும் ‘இந்நூற்றாண்டே’ என்று வரையறுக்கும் சான்று இல்லை. சிவன் கையிலுள்ள விலங்கு ஆட்டுக்கிடாயா மானா என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை.

ஆயினும் பொதுமக்களுக்கான நூல்களிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் ‘உலகின் முதற் சிவலிங்கம்’ என்பது போன்ற தொடர்கள் ஐயமின்றி எழுதப்படுவதைக் காணலாம். ‘கிடைத்துள்ளவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று’ என்பதற்கும் ‘முதல்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. முன்னது சான்றின் எல்லையைச் சொல்கிறது. பின்னது அவ்வெல்லையை மறைக்கிறது. நாளை பழையதொரு சிற்பம் கிடைக்குமாயின் முன்னது சிறிதும் குறைவுபடாது. பின்னது முழுதும் பொய்யாகும்.

பிழை திருந்தியதால் விளைந்த பயன்: தமிழ்ப் பிராமி

ஐயத்தைத் தாங்கி நிற்பதன் தேவையைக் குடிமல்லம் காட்டுகிறது எனில், பிழையைத் திருத்திக்கொள்வதன் பயனைத் தமிழ்ப் பிராமி ஆய்வு காட்டுகிறது. மதுரை வட்டார மாங்குளத்துக் குகைக் கல்வெட்டு 1882ஆம் ஆண்டிலேயே இராபர்ட் சுவெல் பார்வைக்கு வந்தது. எனினும் இவ்வகைக் கல்வெட்டுகளின் மொழி பல ஆண்டுகள் விளங்கவில்லை. பிராமி எழுத்து என்றாலே பிராகிருத மொழி என்னும் முன்முடிவு இதற்கொரு காரணம். எழுத்துமுறை பற்றிய முன்முடிவு மற்றொரு காரணம். அசோகர் பிராமியில் தனித்து நிற்கும் மெய்யெழுத்து அகரம் ஏறியதாகவும், பக்கக்கோடு பெற்றது ஆகாரம் ஏறியதாகவும் ஒலிக்கும். தமிழ்க் குகைக் கல்வெட்டுகளின் பழைய முறையிலோ தனித்து நிற்பது வெறும் மெய். பக்கக்கோடு அகரத்தையும் குறிக்கும். ‘கல்’ என எழுதப்பட்டதை வடக்கத்திய முறையில் படித்தால் ‘கால’ என்றாகும். இவ்வாறு படித்தால் எம்மொழியிலும் பொருள் கிடைக்காது.

1919ஆம் ஆண்டு புனேயில் நடைபெற்ற முதலாவது அனைத்திந்தியக் கீழ்த்திசை மாநாட்டில் எச். கிருஷ்ண சாஸ்திரி இக்கல்வெட்டுகளைப் பற்றிக் கட்டுரை அளித்தார். சில தமிழ்ச் சொற்கள் இனங்காணப்பட்டனவேனும் முழு விளக்கம் கிட்டவில்லை. 1924ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற மூன்றாவது மாநாட்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இவற்றின் மொழி தமிழே என்பதை நிறுவினார். ழ, ள, ற, ன ஆகிய சிறப்பெழுத்துகள் இடம்பெறுவதும், வடமொழிக்குரிய வருக்க எழுத்துகள் பெரும்பாலும் இடம்பெறாமையும் அவர் காட்டிய சான்றுகளாகும்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்று. முந்தைய வாசிப்புப் பிழையானது என்பதை ஏற்றுக்கொண்டதனால் தமிழாய்வு எதையும் இழக்கவில்லை. மாறாக, தமிழின் எழுத்து வரலாற்றுக்குக் கிறித்துவிற்கு முற்பட்ட காலத்துக் கல்லெழுத்துச் சான்றுகள் கிடைத்தன. பிழையை மறைத்துக் காத்திருந்தால் அப்பேறு வாய்த்திராது.

இத்துறையில் பின்னர்ப் பெரும்பணி ஆற்றிய ஐராவதம் மகாதேவன் 1968இல் வெளிவந்த தம் தொகுப்பில் அன்றறிந்த கல்வெட்டுகளின் பாடங்களைத் தந்தார். அத்துடன் அமையாது, 1990களில் குகைகளுக்கு மீண்டும் சென்று பாறைகளிலிருந்தே எழுத்துகளை நேர்ப்படி எடுத்து ஆராய்ந்தார். 2003இல் வெளிவந்த அவரது பெருநூலில் முந்தைய பாடங்கள் பல திருத்தம் பெற்றுள்ளன. 2014இல் அந்நூலின் கல்வெட்டுப் பகுதி செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தால் மீண்டும் திருத்திய பதிப்பாக வெளிவந்தது. ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் தம் பாடத்தையே தாம் ஐயுற்று வந்த அறிஞர் ஒருவரின் முயற்சி இது. அவரது நூல் மேற்கோளாக நிலைபெற்றமைக்கு இத்திருத்தங்களே வலிமை சேர்த்தன என்பதில் ஐயமில்லை.

சத்தியபுத்திரர்: காத்திருந்த வினா

அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரர் என்போரும் குறிக்கப்படுகின்றனர். இவர் யாவர் என்பது நெடுங்காலம் விடையிறுக்கப்படாத வினாவாக இருந்தது. ஒலி ஒற்றுமை ஒன்றையே கொண்டு சத்தியமங்கலத்தோடு இணைத்தோர் உளர். காஞ்சிபுரத்தோடு இணைத்தோரும், மராட்டியப் பகுதிக் குடிப்பெயரோடு இணைத்தோரும் உளர். கே. ஜி. சேஷ ஐயர் அதியமான் மரபினரே இவர் எனக் கருதினார். சான்று முழுமை பெறாதவரை இக்கருத்தும் ஏனைய கருத்துகளோடு ஒன்றாகவே நின்றது.

1981ஆம் ஆண்டு திருக்கோவலூருக்கு அருகிலுள்ள ஜம்பையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் கண்டறிந்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியைச் சத்தியபுத்திரன் என்னும் அடைமொழியோடு குறிக்கிறது. ஒருவரிக் கல்வெட்டு பல பதின்ஆண்டு விவாதத்தின் போக்கையே மாற்றியது. பிற ஊர்களை முன்மொழிந்த அறிஞர்கள் புலமையில் குறைந்தவர் அல்லர். அவர்கள் காலத்தில் இச்சான்று இல்லை. ஆனால் அக்கருத்துகள் ‘இருக்கலாம்’ என்னும் நிலையிலிருந்து ‘இதுவே’ என்னும் நிலைக்கு ஏற்றப்பட்ட இடங்களில் பிழை நேர்ந்தது. ஐயப்பொருளைத் தரும் ‘கொல்’ என்னும் இடைச்சொல்லுக்கு நம் இலக்கணத்தில் உள்ள இடம் ஆய்வுரைகளிலும் இருத்தல் வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

அளவீட்டில் உறையும் ஐயம்

பாணியையும் எழுத்தையும் சார்ந்த காலக்கணிப்பில்தான் ஐயம் உண்டு, அறிவியல் அளவீட்டில் இல்லை என்னும் கருத்து இன்று பரவலாக உள்ளது. இதுவும் ஆராய்தற்குரியது. 1940களின் இறுதியில் வில்லார்டு லிபி உருவாக்கிய கரிமக் காலக்கணிப்பு முறை, வளிமண்டலத்தில் கதிரியக்கக் கரிமத்தின் அளவு எக்காலத்தும் மாறாதது என்னும் கொள்கையைச் சார்ந்திருந்தது. மர வளையங்களோடு ஒப்பிட்டபோது அக்கொள்கை முற்றும் சரியன்று எனத் தெரிந்தது. அறிவியலார் அப்பிழையை ஒப்புக்கொண்டு, அளந்த வயதைத் திருத்தியமைக்கும் அட்டவணைகளை உருவாக்கினர். அவ்வட்டவணைகளும் காலந்தோறும் புதுப்பிக்கப்படுகின்றன. ஒவ்வொரு முடிவின் பின்னும் இடம்பெறும் கூட்டல் கழித்தல் குறி, அளவீட்டிலேயே எழுதிவைக்கப்பட்ட ஐயமாகும்.

இது தமிழகத் தொல்லியலுக்கு நேரடித் தொடர்புடையது. பொருந்தலில் கா. இராசன் நடத்திய அகழாய்வில் எழுத்துப் பொறித்த புரிமணையோடு கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. கீழடி பற்றித் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை, ஒரு மாதிரியின் காலத்தைக் கி.மு. 580 எனக் குறித்தது. தமிழ் எழுத்தின் தொன்மை பற்றிய முந்தைய கருத்துகளை மறுஆய்வு செய்யவேண்டிய தேவையை இவை உண்டாக்கியுள்ளன. அதே வேளையில், கி.மு. 800 முதல் 400 வரையிலான காலப்பகுதியில் கரிமத் திருத்த வளைவு ஏறத்தாழச் சமதளமாக அமைவதால், அக்காலத்துப் பொருள்களின் வயது இரண்டு மூன்று நூற்றாண்டு பரப்பில் விரிந்து நிற்கும் என்பதும் அறிவியல் உண்மையாகும். பழைய முடிவைத் திருத்தத் தயங்குவதும், புதிய எண்ணை அதன் பிழை எல்லை கூறாமல் எடுத்தாள்வதும் ஒரே குறையின் இரு பக்கங்கள் எனலாம்.

பதிப்பியல் தரும் பாடம்

பதிப்புத் துறையிலும் இந்நெறிக்கு முன்மாதிரி உண்டு. 1880இல் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த உ. வே. சாமிநாதையர், சிற்றிலக்கியங்களையும் புராணங்களையும் ஆழக் கற்றிருந்தும் சீவகசிந்தாமணியைப் படித்திராததை மறைக்கவில்லை. நூலைப் பயிலத் தொடங்கியபின் சமண சமயச் செய்திகள் தமக்கு விளங்காமையை உணர்ந்து, கும்பகோணத்துச் சமணரை நாடி ஐயம் களைந்துகொண்டார். சைவச் சூழலில் வளர்ந்த கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர் பிற சமயத்தாரிடம் மாணவராக அமர்ந்தமை அக்காலத்தில் எளிய செயலன்று. அதன் பயனே 1887ஆம் ஆண்டுப் பதிப்பு. அப்பதிப்போடும் அவர் நிறைவடையவில்லை; மேலும் ஆராய்ந்து திருத்திய இரண்டாம் பதிப்பை 1907இல் வெளியிட்டார். தம் அறியாமையை அவரே தம் வரலாற்றில் எழுதிவைத்திருப்பதனால்தான் ஒரு பதிப்பு எவ்வாறு உருவாகிறது என்பதைப் பின்வந்தோர் அறியமுடிகிறது.

ஐயத்தின் வரையறை

ஐயம் எல்லாம் போற்றத்தக்கது என்பது இதன் பொருளன்று. எச்சான்று காட்டினும் ஏற்காது ‘இன்னும் ஐயம்’ என்று கூறி நிற்பது ஆய்வன்று. பிடிவாதத்தின் மற்றொரு வடிவம். பழமையை மறுக்கவேண்டும் என்னும் விருப்பத்தால் எழும் ஐயமும், பழமையை நாட்டவேண்டும் என்னும் விருப்பத்தால் எழும் துணிவும் ஒத்த குறையுடையனவே. இவற்றைப் பிரித்தறிய ஓர் அளவுகோல் உண்டு. எச்சான்று கிடைத்தால் தம் கருத்தை மாற்றிக்கொள்வார் என்பதை ஆய்வாளர் முன்னரே சொல்லக்கூடுமாயின் அது பயன்தரும் ஐயம். சொல்லமுடியாதாயின் அது வெற்று மறுப்பு. குடிமல்லத்தைப் பொறுத்தவரை, அதே வட்டாரத்தில் காலம் உறுதிசெய்யப்பட்ட மண்ணடுக்கிலிருந்து ஒப்பத்தகுந்த சிற்பம் கிடைத்தல், வேலியமைப்போடு தொடர்புடைய அடுக்கில் கரிமப் பொருள் கிடைத்தல் ஆகியன அத்தகைய சான்றுகளாக அமையக்கூடும்.

பிழையை ஒப்புக்கொண்டால் தமிழின் தொன்மைக்குக் குறைவு நேரும் என அஞ்சுவோர் உளர். மேற்காட்டிய நிகழ்வுகள் இதற்கு மாறான முடிவையே தருகின்றன. திருத்தம் பெற்ற கருத்துகளே பிறமொழி அறிஞரிடையே நிலைபெற்றன. மிகையாகக் கூறப்பட்டவை உண்மையான சான்றுகளின் மதிப்பையும் சேர்த்துக் குறைத்தன.

நிறைவுரை

காட்சி, ஐயம், துணிவு என்னும் முறைவைப்பு அகப்பொருளுக்கு மட்டும் உரியதன்று, ஆய்வுக்கும் பொருந்துவது. வழுவைக் கூறி, வழாநிலையைக் காட்டும் இலக்கண மரபினர்க்குப் பிழை திருத்தம் புதிதன்று. குடிமல்லம் இலிங்கம் பற்றிய ஆய்வில், ஒரே வினா எனக் கருதப்பட்டது மூன்று வினாக்கள் என உணரப்பட்டமை ஐயத்தால் விளைந்த ஆக்கம். தமிழ்ப் பிராமி தமிழே எனத் தெளிந்தமை பிழையை ஏற்றதால் விளைந்த ஆக்கம். சத்தியபுத்திரர் அதியமான் மரபினர் என அறிந்தமை சான்றுக்குக் காத்திருந்ததால் விளைந்த ஆக்கம்.

இன்று ஏர்பேடு வட்டாரத்தில் திருப்பதி இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் அமைந்துள்ளன. கல்லின் தாயகத்தைக் கனிம ஆய்வால் கண்டறிதல், அகழ்ந்த மண்ணடுக்குகளின் காலத்தை ஒளிர்வு முறையால் கணித்தல் போன்ற வழிகள் இக்காலத்தில் உள்ளன. இலிங்கம் உள்ளூர்க் கல்லாலானதா, வேற்றிடத்திலிருந்து கொணரப்பட்டதா என்பது போன்ற வினாக்களைத் தமிழ், தெலுங்கு, வரலாறு, புவியியல் அறிஞர் ஒன்றுகூடி ஆராய இடமுண்டு. அவ்வாய்வு கோபிநாதராவின் காலக்கணிப்பை உறுதிசெய்யலாம், மறுக்கவும் செய்யலாம். மறுக்கப்படினும், அவர் அளந்து எழுதிவைத்த விளக்கமே அம்மறுப்பிற்கும் தொடக்கமாக அமையும்.